புண்ணாக்கும் ரப்பர் பாலும்

என் கையால் செய்த ஒரு தகடு எப்படி அவ்வளவு நன்றாக வந்தது என்று தெரியாமல் ஏழு மாதம் குழம்பிக்கொண்டு திரிந்தேன். அந்த ஏழு மாதத்தில் என் கண்ணையும் கையையும் நானே நம்பாமல் போன நாட்கள் உண்டு. இப்போதும் முழுக்கத் தெளிந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது.

தகடு என்றால் உலோகம் இல்லை. கடலைப் புண்ணாக்கிலிருந்து எடுத்த புரதத்தையும் ரப்பர் மரத்துப் பாலையும் கலந்து, தட்டில் ஊற்றிக் காயவைத்து, சூட்டில் அழுத்தி எடுக்கிற மெல்லிய விரிப்பு. நர்சரிகளில் கன்று வளர்க்கிற கறுப்பு பாலித்தீன் பை இருக்கிறதே, அதற்குப் பதிலாக மண்ணோடு மண்ணாக மட்கிப்போகிற பை ஒன்றை இந்தத் தகட்டில் செய்ய முடியுமா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி.

எங்கள் ஆராய்ச்சி என்று சொல்லவே எனக்குக் கொஞ்ச நாள் கூச்சமாக இருந்தது. அதற்கு முன் பதினான்கு வருஷம் நான் பாலித்தீனைத்தான் சோதித்துக்கொண்டிருந்தேன். செம்மங்குப்பம் பக்கம் ஒரு சின்னப் பை கம்பெனி. உருளையிலிருந்து ஒரு பட்டையை வெட்டி, இழுவை மிஷினில் மாட்டி, எவ்வளவு தூரம் நீள்கிறது, எந்த இடத்தில் அறுகிறது என்று எழுதுவது என் வேலை. கம்பெனியை முதலாளி மூடிவிட்டார். மூன்று மாதம் வீட்டில் இருந்தேன். சிதம்பரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. என்னைப் பேட்டி எடுத்த பேராசிரியர் என்னைவிட ஐந்து வயது சின்னவர்.

"இழுவை மிஷின் ஓட்டத் தெரியுமா மேடம்?" என்று கேட்டார்.

"அது ஒண்ணுதான் சார் எனக்கு நல்லாத் தெரியும்" என்றேன்.

வேலை கிடைத்துவிட்டது. அவர் என்னை மேடம் என்பார். நான் அவரைச் சார் என்பேன். இரண்டு பேருக்குமே அது சரியாக ஒட்டவில்லை.

தினமும் கடலூரிலிருந்து பஸ். வழியில் என் பழைய கம்பெனியின் கேட் வரும். அதற்கு அடுத்த நிறுத்தத்தில் என் வீட்டுக்காரர் வேலை செய்கிற ரசாயன ஆலை. அவர் ஷிப்ட் ஆபரேட்டர். சாயங்காலம் அவர் ஒரு வாசனையோடு வருவார், நான் அம்மோனியா வாசனையோடு வருவேன். ரப்பர் பால் கெட்டுத் திரிந்துவிடாமல் இருக்க அதில் அம்மோனியா விட்டுத்தான் கேனில் அடைப்பார்கள். மூடியைத் திறந்தால் கண்ணில் தண்ணீர் வரும்.

"ஒருத்தர் ஆலையில இருக்கறது பத்தாதுன்னு நீயும் சேந்துக்கினியா" என்று அவர் சொல்லிச் சிரிப்பார். துணியைத் தனியாக ஊறப்போடுவேன்.

முதல் இரண்டு மாதம் எனக்கு எதுவுமே விளங்கவில்லை. புண்ணாக்குக் கரைசலையும் ரப்பர் பாலையும் ஒன்றாக ஊற்றினால், கலக்கும்போதே உள்ளே ஒரு உருண்டை திரண்டு கலக்குகிற கம்பியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் கம்பியோடு முழுக் கலவையும் வரும். மூன்று முறை அப்படி ஆனதும் ஒரு ஓரமாக நின்று அழுதேன். அமிலம் பட்டால் கரைசல், ரப்பர் பால் இரண்டுமே திரியும், காஸ்டிக் சோடா மாதிரி காரம் இருக்கிறவரைதான் திரியாமல் இருக்கும் என்பது பிறகுதான் பிடிபட்டது. அதற்கு ஒரு முறை வகுத்துக்கொண்டோம். புண்ணாக்கைப் பொடித்து எண்ணெய் நீக்க வேண்டும். காஸ்டிக் சோடா போட்ட தண்ணீரில் கரைத்து வடிகட்ட வேண்டும். சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டுப் புரதத்தைத் திரிய வைக்க வேண்டும். அதைச் சுழலும் மிஷினில் போட்டு அடியில் படிய வைத்து, இரண்டு தடவை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கழுவிய புரதத்தை மறுபடியும் காரத் தண்ணீரில் கரைத்து, ரப்பர் பாலும் கிளிசரினும் சேர்த்துத் தட்டில் ஊற்ற வேண்டும். காய்ந்ததும் சூட்டில் அழுத்த வேண்டும்.

தகடு வந்தது. வெளிறிய நிறம். மடித்தால் அப்பளம் மாதிரி ஒடியும். ஒடியாதது தண்ணீரில் போட்டால் ஊறிய ரொட்டி மாதிரி ஆகிவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் போட்டு, இழுத்துப் பார்த்து, எழுதி வைத்துக்கொண்டே வந்தேன். முப்பது தகடு அப்படிப் போயிற்று.

முப்பத்தொன்றாவது தகட்டை அழுத்தும் மிஷினிலிருந்து எடுத்தபோது அது பழுப்பாக இருந்தது. தீய்ந்துவிட்டது என்று குப்பையில் போடப்போனேன். பழைய கம்பெனிப் பழக்கம், கெட்டுப்போனதையும் ஒரு தடவை இழுத்துப் பார்க்காமல் போடமாட்டேன். பட்டை வெட்டி மாட்டினேன். நீண்டது. இன்னும் நீண்டது. பாலித்தீனைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது எந்த இடத்தில் நிற்கும் என்று ஊகிக்க முடியவில்லை. ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை போட்டபடி கிடந்தது. எடுத்துத் துடைத்தேன். தோல் மாதிரி மெத்தென்று இருந்தது.

சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு விரலால் இழுத்து, விட்டு, மறுபடி இழுத்தார். அவர் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆயிற்று.

"சூப்பர் மேடம். இதே மாதிரி இன்னும் மூணு போட்டுக் குடுங்க. அப்புறம் பேசலாம்."

அந்த மூன்றைத்தான் என்னால் போட முடியவில்லை. பதினொரு தடவை முயன்றேன். சூட்டைக் கூட்டினேன், குறைத்தேன். கிளிசரினை மாற்றினேன். ரப்பர் பால் பழையதா புதியதா என்று பார்த்தேன். எல்லாம் வெளிறி வந்தது, எல்லாம் ஒடிந்தது. முப்பத்தொன்றிலிருந்து வெட்டி வெட்டிச் சோதித்ததில் அதுவும் கடைசியில் உள்ளங்கை அளவுக்குக் குறைந்துபோயிற்று.

சார் என் நோட்டை வாங்கிப் புரட்டினார். முப்பத்தொன்றுக்கான பக்கத்தில் எடைகள் இருந்தன. செய்முறை என்ற இடத்தில் 'வழக்கம்போல்' என்று ஒரே சொல் இருந்தது.

"வழக்கம்போல்னா எப்படி மேடம்?"

"மத்ததுக்குச் செய்யற மாதிரிதான் சார்."

"மத்ததெல்லாம் இப்படி வரலையே."

அவர் நோட்டை மூடிவிட்டு, கொஞ்சம் தயங்கி, "தப்பா நினைக்காதீங்க. கந்தகம் கிந்தகம் ஏதாச்சும் அதுல கலந்துபோயிருக்குமா?" என்று கேட்டார்.

எங்கள் மேஜைக்குப் பக்கத்து மேஜையில் வேறு மாணவர்கள் ரப்பரைக் கந்தகம் சேர்த்து வேகவைத்து உறுதியாக்குகிறார்கள். டயர் அப்படித்தான் செய்கிறார்கள். கந்தகம் சேர்ந்தால் ரப்பர் நன்றாக நீளும், தண்ணீருக்கும் அசையாது. ஆனால் எங்கள் தகட்டின் பெருமையே அதில் அந்த மாதிரி எதுவும் இல்லை என்பதுதான். அவர் கேட்டது சாதாரணமான கேள்வி. எனக்கு அது வேறு மாதிரி கேட்டது. நல்ல பேர் வாங்க வேண்டும் என்று நான் ஒரு சிட்டிகை போட்டுவிட்டேனா என்று கேட்டதுபோல் இருந்தது.

"இல்ல சார்" என்றேன்.

மறுநாள் ஆய்வகத்துக்குப் போனபோது கந்தகம் வைத்திருந்த அலமாரி பூட்டியிருந்தது. சாவி அவர் அறையில் இருப்பதாகச் சொன்னார்கள். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. நானாகத்தான் உள்ளுக்குள் உளைந்துகொண்டிருந்தேன்.

கொஞ்ச நாள் போனதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை பக்கத்து மேஜையின் பீக்கரை எடுத்துவிட்டேனோ? அதில் அடியில் ஏதாவது ஒட்டியிருந்ததோ? பஸ்ஸில் உட்கார்ந்து அந்த நாளை முதலிலிருந்து நினைத்துப் பார்ப்பேன். காலையில் வந்தது நினைவிருக்கிறது. புண்ணாக்கை எடை போட்டது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் எல்லா நாளும் ஒரே நாளாகக் கலங்கிவிடும். எந்தக் கரைசலை எந்த நாளில் வடிகட்டினேன் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பதினான்கு வருஷம் ஆயிரக்கணக்கான பட்டைகளை இழுத்தவள் நான், ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள்.

சார் மீதியிருந்த தகட்டில் ஒரு துண்டை வெளியூருக்கு அனுப்பிக் கந்தகம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். பதில் வந்தது. இருக்கிறது, ஆனால் கொஞ்சம். சாரே சொன்னார், புரதத்திலேயே இயற்கையாகக் கொஞ்சம் கந்தகம் உண்டு என்று. மற்ற தகடுகளையும் அனுப்பினோம். அவற்றிலும் இருந்தது. முப்பத்தொன்றில் ஒரு இழை கூடுதல். அது கையால் போட்டதா, தானாக இருந்ததா என்று அந்த இழையை வைத்துச் சொல்ல முடியாது. சோதனைக்கு அனுப்புவதற்கு முன்னால் இருந்ததைவிட அதிகக் குழப்பத்தோடு இரண்டு பேரும் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

புண்ணாக்கு நான் கடலூர் முதுநகரில் ஒரு மரச்செக்கில் வாங்குவேன். செக்கு என்றாலும் மோட்டாரில் ஓடுவது. அதை நடத்துகிற பெண் என்னைவிட எட்டுப் பத்து வயது சின்னவள், வாட்ஸ்ஆப்பில் ஆர்டர் எடுத்து கேனில் எண்ணெய் அனுப்புவாள். திங்கட்கிழமை கடலை ஆட்டுவாள் என்பதால் நான் திங்கட்கிழமைதான் போவேன். ஒரு தடவை திங்கட்கிழமை முடியாமல் வியாழக்கிழமை காலை பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றேன். அன்று எள் ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் ஒரு பெரிய பனைவெல்லத்தை உடைத்துச் செக்குக்குள் போட்டாள்.

"இன்னாம்மா அது, வெல்லத்தப் போடற?"

"எள்ளுக்குப் போட்டுத்தான் ஆட்டணும்க்கா. இல்லன்னா எண்ணெ பிரியாது, கசப்பும் தெரியும்."

"கடலைக்கும் போடுவியா?"

"அதுக்கு எதுக்குக்கா?"

"எள்ளு ஆட்டிட்டுக் கடலை ஆட்டறப்ப செக்கக் கழுவுவியா?" என்று கேட்டேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "மரத்தப் போயி யாருக்கா கழுவுவாங்க? ஊறிப் பூடும். தொடச்சிட்டுக் கடலையைக் கொட்டுவன். மொதத் தடவ வர்ற புண்ணாக்கு லேசா இனிக்கும், எள்ளும் கொஞ்சம் ஒட்டினுருக்கும். மாட்டுக்காரங்க அதத்தான் கேட்டு வாங்கினு போவாங்க. இன்னா, அதுல ஏதாச்சும் தப்பாப் பூடிச்சா?"

"தப்பா ஒண்ணுமில்ல. அந்த மொதத் தடவப் புண்ணாக்க எனக்கு எப்பவாச்சும் குடுத்துருக்கியா?"

"குடுத்திருப்பன். அவசரம்னு நின்னீன்னா எது கையில கெடைக்குதோ அதத்தான் போடுவன்."

அந்தப் புண்ணாக்கு கொஞ்சம் வேண்டும் என்று சொல்லி வைத்து, அடுத்த வாரம் வாங்கினேன். பஸ்ஸில் போகும்போதே ஒரு துண்டு ஒடித்து வாயில் போட்டேன். இனித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்குக் கவலையில்லை. சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்தால் பழுப்பாகும், ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும் அதனால்தான். கூடுதலாகத் தெரிந்த அந்த இழைக் கந்தகமும் எள்ளிலிருந்து வந்திருக்கலாம். கடலையைவிட எள்ளின் புரதத்தில் அது சற்று ஜாஸ்தி.

ஆய்வகத்தில் யாரிடமும் சொல்லாமல் அந்தப் புண்ணாக்கில் ஒரு தகடு போட்டேன். பொடித்தேன், கரைத்தேன், திரிய வைத்தேன், கழுவினேன், ஊற்றினேன், காயவைத்தேன், அழுத்தினேன்.

வெளிறிப்போய் வந்தது. மடித்தேன். ஒடிந்தது.

அந்த நாள்தான் மிக மோசம். பதில் கைக்கு வந்தபிறகு மறுபடி இல்லை என்றாகிவிட்டது. அப்படியானால் நான் உண்மையிலேயே ஏதோ செய்திருக்கிறேனா? அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சமையலறையில் நின்றபடியே என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அலமாரி பூட்டியதையும் அதுவரை அவரிடம் சொன்னதில்லை. அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த முப்பத்தொண்ண எப்ப செஞ்ச?"

நாளைச் சொன்னேன்.

அவர் கை நின்றது. "அன்னிக்கித்தான பரங்கிப்பேட்டையில காதுகுத்து? நீ எனக்குப் போன் பண்ணியே. கரண்ட் பூடிச்சி, சுத்தற மிஷின் நின்னு கெடக்குது, எனக்கு நேரமாவுது, இருக்கறத அப்படியே ஊத்திட்டு வந்துடறன், பஸ் ஸ்டாண்டாண்ட நில்லுங்கன்னு."

"நான் அப்படியா சொன்னன்?"

"நான் ஒரு மணி நேரம் வெயில்ல நின்னன். எனக்கு மறக்குமா?"

அவர் சொல்லச் சொல்ல அந்த நாள் திரும்பி வந்தது. புழுக்கம். மின்விசிறி நின்றது. வடிகட்டிய கரைசல் பாத்திரத்தில் இருந்தது. அமிலம் விடவில்லை. சுழற்றவில்லை, கழுவவில்லை. அந்தக் கரைசலிலேயே ரப்பர் பாலை ஊற்றிக் கம்பியால் நானே கலக்கித் தட்டில் விட்டுவிட்டு ஓடினேன். மறுநாள் வந்து காயவைத்து, அதற்கடுத்த நாள் அழுத்தினேன். கழுவும்போது சர்க்கரை தண்ணீரோடு போய்விடும். அன்று கழுவவே இல்லை, அதனால் உள்ளேயே தங்கிவிட்டது. இனிப்பான புண்ணாக்கு, கழுவாத கரைசல், இரண்டும் சேர்ந்து வந்த ஒரே நாள் அது.

அவர் மறுபடி வெங்காயம் உரிக்க ஆரம்பித்தார். நான் அங்கேயே நின்றேன். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் வேறொன்று அரிக்க ஆரம்பித்தது. கழுவாமல் ஊற்றிவிட்டு நோட்டில் 'வழக்கம்போல்' என்று ஏன் எழுதினேன்? அவசரமா, மறதியா, இல்லை, காதுகுத்துக்காக வேலையைப் பாதியில் விட்டேன் என்று தெரிந்துவிடக்கூடாது என்றா? எவ்வளவு யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. அந்தச் சொல்லை எழுதிய கை என்னுடையதுதான். அந்த நேரத்தில் என் மனசில் என்ன இருந்தது என்பது மட்டும் எனக்கே எட்டவில்லை.

அடுத்த இரண்டு வாரத்தில் இனிப்புப் புண்ணாக்கில் கழுவாமல் ஐந்து தகடு போட்டேன். நான்கு பழுப்பாக வந்தன, நீண்டன, தண்ணீரில் நின்றன. ஒன்று மட்டும், ஏன் என்று தெரியவில்லை, ஒடிந்தது. அந்த நான்கிலும் எதுவும் முப்பத்தொன்று அளவுக்கு நீளவில்லை. ஐந்தையும் எடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனேன்.

முதலில் தகட்டைக் காட்டாமல், "சார், வழக்கம்போல்னு எழுதினது சரியில்ல" என்று ஆரம்பித்து, கரண்ட் போனது, கழுவாதது, வெல்லம், செக்கு எல்லாம் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"மறந்து எழுதினீங்களா, தெரிஞ்சு எழுதினீங்களா?"

"தெரியல சார்."

"தெரியலைன்னா?"

"உண்மையாவே தெரியல. மறந்துட்டன்னு சொன்னா எனக்கு நல்லாருக்கும். ஆனா அதுவும் பொய்யாப் போயிடுமோன்னு பயமா இருக்குது."

அவர் தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு, "நான் அலமாரியப் பூட்டினதுகூட பக்கத்து மேஜை பசங்களுக்காக இல்ல மேடம்" என்றார். சாவியை எடுத்துக்கொண்டுபோய் அலமாரியைத் திறந்துவிட்டு வந்தார். இரண்டு பேரும் டீ குடித்தோம். அன்றிலிருந்து அவர் என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார். அது மன்னிப்பா, மரியாதையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

கதை இங்கே நல்லபடியாக முடிந்திருக்கலாம். தகட்டைப் பையாக மடித்து ஓரத்தைச் சூட்டில் ஒட்டி நாற்பது பை செய்தோம். அண்ணாகிராமம் பக்கம் என் தம்பி முந்திரி நர்சரி வைத்திருக்கிறான். ஒட்டு முந்திரிக் கன்றுகளைப் பையில் வளர்த்துப் பண்ருட்டி சுற்றுவட்டாரத்துக்கு விற்கிறான். பைகளை எடுத்துக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் போனோம்.

தம்பி ஒரு பையை வாங்கி முகர்ந்து பார்த்தான். "இன்னா மாமா, அதிரசம் மாதிரி வாசன வருது?"

"உங்க அக்கா ஆராய்ச்சி மச்சான். பசிச்சா தின்னுக்கலாம்" என்றார் இவர்.

நாற்பதிலும் செம்மண்ணும் எருவும் நிரப்பி, விதைக்கன்று வைத்து, நிழல்வலைக்குக் கீழே வரிசையாக அடுக்கினான். பக்கத்திலேயே கறுப்புப் பையில் நாற்பது.

நான்காம் நாள் காலை போன் வந்தது. "அக்கா, எறும்பு வந்துடிச்சி."

"எவ்ளோ?"

"எவ்ளோன்னா? அண்ணாகிராமத்து எறும்பு முழுக்க எங்கிட்டதான் இருக்குது."

அடுத்த பஸ்ஸில் போனேன். பழுப்புப் பைகளின் மேல் எறும்புச் சாரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கறுப்புப் பை வரிசையில் ஒன்றுகூட இல்லை. பைகளில் ஊசி குத்தினது போலச் சின்னச் சின்ன ஓட்டைகள். தம்பி மஞ்சள்தூளும் வேப்பம்புண்ணாக்கும் தூவிப் பார்த்தான். எறும்பு சுற்றி வந்தது. மழை ஆரம்பித்ததும் ஓட்டை விழுந்த இடமெல்லாம் ஊறி, பை அடிப்பக்கம் கழன்றுபோயிற்று. ஒட்டுக் கட்டுகிற பருவத்தில் நான் மறுபடி போனபோது நாற்பதில் ஒன்பது பைதான் பையாக இருந்தது.

"மட்கணும்னு சொன்ன, மட்கிடிச்சி" என்றான் தம்பி. "எப்ப மட்கணும்னு அதுக்குச் சொல்லாம வுட்டுட்டியேக்கா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அப்போது அவன் இன்னொன்றையும் காட்டினான். பை கழன்ற கன்றுகளைத் தூக்கி எறிய மனசில்லாமல் ஒரு ஓரத்தில் தரையிலேயே நட்டு வைத்திருந்தான். அவை கறுப்புப் பைக் கன்றுகளைவிட நன்றாகத் தளிர்விட்டிருந்தன. ஒன்றைப் பிடுங்கி வேரைக் காட்டினான். வேர் சுருளாமல் நேராக இறங்கியிருந்தது. கறுப்புப் பையிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்த்தால் அடியில் வேர் வட்டமாகச் சுற்றிக்கொண்டு கிடந்தது.

"இது எறும்பாலயா, பையாலயா, தரையில நட்டதாலயா?" என்று கேட்டான்.

"தெரியலடா" என்றேன். அந்த வருஷம் நான் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான்.

ஆய்வகத்துக்கு வந்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். பை தோற்றுவிட்டது, செடி தேறிவிட்டது. சார் அதைப் படித்துவிட்டு, "இத எந்தத் தலைப்புல போடறது அக்கா?" என்று தலையைச் சொறிந்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். செக்குப் புண்ணாக்கில் ஒவ்வொரு தடவையும் இனிப்பு ஒரு அளவாக இருக்காது. வேறு யாராவது செய்து பார்த்தால் வராது. அதனால் சுத்தமான கடலைப் புரதத்தை எடுத்து, குளுகோஸை அளந்து போட்டு, சூட்டை அளந்து வைத்துச் செய்வோம். எறும்பைத் தேடி வரவைக்காத அளவு எது என்றும் பார்ப்போம்.

அவர் சொன்னது சரிதான். அப்படித்தான் செய்தோம். தகடுகள் ஒன்றுபோல் வந்தன. இளம்பழுப்பு, மிதமான நீட்டம், தண்ணீரில் சுமாராக நிற்கும். பத்தில் பத்தும் அப்படியே. பழைய கம்பெனியில் இப்படி வந்தால் இனிப்பு வாங்கிக் கொடுப்பார்கள். எனக்கு மட்டும் ஏதோ ஒன்று குறைந்தது. முப்பத்தொன்றாவது தகடு நீண்ட நீளம் இதில் இல்லை. வெல்லத்தில் குளுகோஸ் மட்டுமா இருக்கிறது? எள்ளும் கொஞ்சம் இருந்தது, செக்கின் மரத்தூளும் இருந்திருக்கும், கழுவாத கரைசலில் என்னென்னவோ இருந்திருக்கும். அதில் எது அந்த நீளத்தைக் கொடுத்தது என்று இதுவரை எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இனிமேல் புண்ணாக்கு வேண்டாம் என்று செக்குக்காரப் பெண்ணிடம் நேரில் போய்ச் சொன்னேன்.

"நம்ம புண்ணாக்கு பாஸா பெயிலாக்கா?" என்று கேட்டாள்.

"பாஸ்தான்."

"அப்புறம் எதுக்கு வேணாங்கறாங்க?"

"ஒவ்வொரு வாட்டியும் ஒவ்வொரு மாதிரி இருக்குதாம்."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். "அது இருக்கத்தான் செய்யும். எள்ளு எங்கேருந்து வருது, வெல்லம் எங்கேருந்து வருது, மழையில நனஞ்சிதா, எல்லாம் இருக்குதில்ல" என்றாள் சாதாரணமாக. பிறகு, "நீ மட்டும் உனக்குன்னு செஞ்சிப் பாரேன்க்கா. யாரு வேணாம்னாங்க" என்றாள்.

அதைச் சாரிடம் அப்படியே சொன்னேன். ஆய்வகத்து வேலை முடிந்தபின் வெள்ளிக்கிழமைகளில் செக்குப் புண்ணாக்கில் செய்துகொள்ளுங்கள் என்றார். இப்போது அளந்து போட்ட தகடுகள் ஒரு பக்கம் ஓடுகின்றன, வெள்ளிக்கிழமைத் தகடுகள் ஒரு பக்கம். போன மாதம் குளுகோஸ் பைகள் இருபதைத் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். எறும்பு வரவில்லை என்கிறான். செடி எப்படி இருக்கிறது என்று கேட்டால், "இருக்குது" என்கிறான். அது நன்றாக இருக்கிறது என்பதா, ஏதோ இருக்கிறது என்பதா என்று போனில் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.